ஒன்றேகால் அங்குலம்

என் அக்காவின் கணவர் யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. 1981 தை மாதம் அக்காவுக்குத் தாலி கட்டினார். 1999 ஆடியில் காலமானார். இடைப்பட்ட பதினெட்டரை வருடங்களின் என் நாட்குறிப்புகளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவர் குரல் உயர்ந்ததாக ஒரு வரிகூட இல்லை. எதையும் மெதுவாகச் சொல்வார். சொல்லும்போது லேசாகக் குனிந்து, நம் நன்மைக்காக ஏதோ ரகசியம் சொல்பவர்போலச் சொல்வார். அவர் அதிகம் சொன்னது, “கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க” என்பதுதான்.

சொல்லப்பட்டவர் நகர்ந்துவிடுவார். ஏன் என்று கேட்க ஒரு கணம் வேண்டும். அவர் குரலில் இருந்த பணிவில், அந்தக் கணம் வருவதற்குள் நாம் எழுந்திருப்போம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய வீடு ஓட்டு வீடு. 1983 ஐப்பசி அடைமழையில் இரண்டு ஓடுகள் சரிந்து, கட்டில்மேல் ஒழுகியது. அக்காவிடம், “கட்டிலக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு” என்றார். அடுத்த மழைக்கு அந்த இடத்திலும் ஒழுகியது. மறுபடி தள்ளினார்கள். கார்த்திகையில் நான் போனபோது கட்டில் அடுப்படி வாசலில் கிடந்தது. அக்கா தலைமாட்டில் ஆட்டுக்கல்லை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

“ரெண்டு ஓட்டை மாத்திட்டா முடிஞ்சதே அத்தான். ஏணி பக்கத்து வீட்டுலயே இருக்கு.”

“இப்பக் கட்டில்ல ஒழுகலையே மாப்ளே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவருடைய குணம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. கெட்டுப்போன பொருளை அவர் தொடமாட்டார். அதைச் சுற்றி இருக்கும் மனிதர்களை நகர்த்தி வைப்பார். பொருளைத் தொட்டால் அது கெட்டுப்போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு யாராவது காரணமாக இருக்க வேண்டும். அந்த யாராவது தானாகவும் இருக்கலாம் என்ற இடத்துக்கு அவர் போகவே மாட்டார்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஞாயிறுதோறும் பஸ் ஏறி அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். அத்தான் தேரடி ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். சொந்த அம்பாசடர், பால் நிறம். காலை ஐந்தரைக்கு வாளியும் துணியுமாக வாசலில் நிற்பார். சக்கரத்தின் உள்பக்கம்கூட மின்னும். கார் பளபளப்பாக இருக்க வேண்டும். அதில் மட்டும் அவர் கறார்.

1986 புரட்டாசியில் அந்தக் காரின் முன்பக்கம் தளர்ந்து தணிந்துபோனது. அம்பாசடரின் முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக, கைத்தடி நீளத்தில் இரண்டு எஃகுக் கம்பிகள் அடியில் படுத்திருக்கும். சக்கரம் மேடு ஏறும்போது கம்பி முறுகும், இறங்கும்போது திரும்பும். டார்சன் ராடு என்பார்கள். புதிது கிடைக்கத் தாமதமாகும் என்று, மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு ஜோடி வாங்கப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் ஒரு கம்பியில் சிவப்புப் பெயிண்டால் வளையம் போட்டுத் தந்தார்.

“செவப்பு இடது. மறந்துறாதீங்க. ஒரு பக்கமா முறுகிப் பழகின கம்பி. பக்கம் மாறினா வேலைக்கு ஆகாது.”

இரண்டு நாள் கழித்து, ராஜபாளையம் தென்காசி ரோட்டில் மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் அத்தான் சாக்கைப் பிரித்தார். இரண்டு கம்பிகளும் கன்னங்கரேலென்று புதிதுபோல் மின்னின. துருவையும் அழுக்கையும் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவி, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். சிவப்பு வளையத்தைக் காணோம். முனையில் குத்தியிருந்த எழுத்து முன்பே துருவில் அரித்துப்போயிருந்தது.

மெக்கானிக் ஐம்பது வயதுக்காரர். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டையும் புரட்டிப் பார்த்தார். “இதுல எதுண்ணே இடது?”

அத்தான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. வலக்கையை நீட்டி ஒன்றைத் தொட்டார். “இது.”

அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருந்தால், மதுரைக்காரரிடம் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு வர ஒரு நாள் போயிருக்கும். அவ்வளவுதான். நானும் வாயைத் திறக்கவில்லை. அக்காவைக் கட்டியவரை ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் முன்னால் எப்படி மறுத்துச் சொல்வது என்று அன்று நினைத்தேன். இன்று அதை மரியாதை என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் கார் இடது பக்கம் சாய்ந்தது. தரையிலிருந்து முன் மட்கார்டு விளிம்புவரை இரும்பு ஸ்கேல் வைத்து நானே அளந்தேன். வலதைவிட இடது ஒன்றேகால் அங்குலம் தணிவு.

மெக்கானிக் பொறுமைசாலி. முதலில் நான்கு டயருக்கும் காற்றுப் பார்த்தார். சரியாக இருந்தது. இடது டயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப்போட்டார். சாய்வு இடம் மாறவில்லை. தரை மட்டம் சரியில்லையோ என்று காரைத் திருப்பி, வாசலைப் பார்த்து நின்றதைச் சுவரைப் பார்த்து நிறுத்தினார். அப்போதும் இடதுதான். டிக்கியைக் காலி செய்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒடிசல் இருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. கடைசியில் கம்பியின் பின்முனையில் இருக்கும் பல்லை ஒரு பல் தள்ளி மாட்டினார். கார் நிமிர்ந்தது. பன்னிரண்டு நாள் நிமிர்ந்தே நின்றது. பதின்மூன்றாம் நாள் மறுபடி சாய்ந்தது.

இதற்கிடையே நான் ராஜபாளையம் நூலகத்தில் மோட்டார் வாகனம் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்திருந்தேன். ஓடிய கம்பிகளைப் பக்கம் மாற்றி மாட்டவே கூடாது என்று அதிலும் போட்டிருந்தது. மெக்கானிக்கும் கையைத் துடைத்துக்கொண்டே அதையே சொன்னார்.

“அண்ணே, கம்பி பக்கம் மாறியிருக்கு. ரெண்டுமே சோந்து போகும். ஒண்ணு கூடுதலா ஓடுன கம்பிபோல, அது முதல்லயே படுக்குது. ஒரு நாள் குடுங்க. கழத்தி மாத்திப் போட்டுப் பாப்போம்.”

“மாறலையே” என்றார் அத்தான்.

“இல்லண்ணே, பாத்தாத் தெரியுதுல்லா...”

“நான்தானே கையால தொட்டுக் காட்டுனேன்.”

“தப்பாக் காட்டியிருக்கலாம்லாண்ணே. மனுசன்தானே.”

அத்தான் சிரித்தார். அதில் கோபத்தின் நிழல்கூட இல்லை. “ரோடு சரியில்ல. நம்ம ரோடு பூராம் இடது பக்கம்தானே பள்ளம். கொஞ்ச நாள் ஓடினா தானா சரியாகும்.”

புத்தகத்தில் படித்ததை நான் சொன்னேன். “புஸ்தகம் எழுதுனவன் வத்திராயிருப்பு ரோட்டப் பாத்திருப்பானா மாப்ளே?” என்று என் தோளைத் தட்டினார். மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு அவர் காரை நிமிர்த்தவில்லை. ஏறுகிறவர்களைக் கொண்டு நிமிர்த்தினார். தனியாக வரும் ஆண்களைத் தன் பின்னால், வலது ஓரத்தில் உட்காரவைப்பார். நாலு பேர் வந்தால் ஒரு பார்வையில் யார் கனம் என்று எடை போட்டு, கனமானவரை வலது பக்கம் ஏற்றுவார். பருத்த ஆளை நிழல் பக்கம் என்று சொல்லி ஏற்றுவார். திரும்பி வரும்போது அதே பக்கம் வெயில் அடிக்கும். காற்று வரும் பக்கம் என்பார்.

1987 ஆவணியில் தளவாய்புரத்தில் எங்கள் ஆலைத் தொழிலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணம். மணமக்களை ஏற்றும் கார் அத்தானுடையது. நானும் போயிருந்தேன். மணப்பெண் இடது பக்கம் ஏறி உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கம் குனிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெரிய உடம்புக்காரர். பார்த்துவிட்டார்.

“ஏய்யா டிரைவரு, காரு பொண்ணு பக்கம் சாயுதே! இப்பவே சாஞ்சிட்டா பொறவு எங்க பயல எங்க போயித் தேட?”

கூட்டம் சிரித்தது. அத்தான் குனிந்து மணப்பெண்ணிடம், “நீங்க கொஞ்சம் இங்கிட்டு மாறி உக்காருங்கம்மா. மாப்பிள்ளை அங்கிட்டு வரட்டும்” என்றார்.

மாப்பிள்ளையின் அத்தை பாய்ந்தாள். “நல்லாருக்குய்யா! தாலி ஏறி ஒரு மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள இடத்த மாத்தச் சொல்லுதான்! காரு ஓட்ட வந்தியா, குடும்பத்தப் பிரிக்க வந்தியா?”

அத்தான் அசரவில்லை. தாய்மாமன் பக்கம் திரும்பினார். “மாமா, உங்களமாதிரிப் பெரியவிய கூட வந்தாத்தான் இதுக்கு ஒரு மரியாதை. என் பின்னாலயே உக்காருங்க.”

தாய்மாமன் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினார். கார் நிமிர்ந்தது. நடுவில் மாட்டிய மாப்பிள்ளை நசுங்கினான். ஊர்வலம் முழுக்கத் தாய்மாமன் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் இப்படியொரு மரியாதை யாருக்கும் கிடைத்ததில்லை என்று சாப்பாட்டுப் பந்தியில் என்னிடமே சொன்னார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத் தண்டனைபோல் ஆறு மாதத்துக்குள் அதே காரியம் என் வீட்டிலேயே நடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா இருந்தார். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் வத்திராயிருப்பில் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மதியம் திரும்புவார். அத்தானின் கார்தான். மாதம் தவறாத வாடகை அது ஒன்றே. டாக்டரம்மா உடம்பு பெருத்தவர். பின்சீட்டில் இடது ஓரம் அவருடைய இடம். 1988 தை மாதம் ஒருநாள் காரில் ஏறியவர் சொன்னாராம்: “என்னப்பா, நான் ஏறினா மட்டும் உன் வண்டி மண்டி போடுது? ஊர் பார்த்துச் சிரிக்குது. வேற வண்டிதான் பார்க்கணும் போலிருக்கு.”

டாக்டரம்மாவை நகர்ந்து உட்காரச் சொல்ல முடியாது. மறு திங்கட்கிழமை அத்தான் அக்காவிடம், “சும்மாதானே இருக்கே. கூட வாயேன்” என்றார்.

கல்யாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. அந்த ஏழு வருடத்தில் அக்கா அந்தத் தெருவைத் தாண்டியது கோயிலுக்கும், தீபாவளி பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கும்தான். அத்தான் அவளோடு பேசுவது சோறு, தண்ணீர், சாவி, இந்த மூன்று விஷயங்களில் முடிந்துவிடும். அடுத்த ஞாயிறு நான் போனபோது அவள் முகமே வேறாக இருந்தது.

“ஏலே தம்பி, அவிய என்னக் கார்ல கூட்டிட்டுப் போறாவ. தெரியுமா உனக்கு? கிருஷ்ணன்கோவில் தாண்டினா ரெண்டு பக்கமும் தென்னையும் மாவுமா என்னா குளிர்ச்சி! மலை கிட்டக்க வந்து நிக்குது.”

“டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலையா?”

“அந்தம்மா அம்புட்டு பிரியமா இருக்காவ. போகும்போதும் வரும்போதும் பேசிக்கிட்டே வாராவ. முந்தாநேத்து டோக்கன் சீட்டு எழுதிக் குடுக்கச் சொன்னாவ. பேரு, வயசு, ஊரு. என் கையெழுத்து நல்லா இருக்காம்லா.”

மூன்று மாதத்தில் அக்கா அங்கே ஓர் ஆளாகிவிட்டாள். நோயாளிகளைப் பேர் சொல்லி உள்ளே அனுப்புவது அவள். ஊசிக்குப் பயந்து அலறும் குழந்தையை மடியில் போட்டுக்கொள்வது அவள். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாதம் என்பது டாக்டரம்மாவைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரக் கதை முழுவதையும் எனக்குச் சொல்வாள். பேச்சின் நடுவே எப்படியாவது “அவிய” வந்துவிடும். “எனக்குன்னு பின்னால அவிய பக்கத்து ஜன்னலத் தொடச்சு வைக்காவ. ரெண்டு தோசை தின்னா பத்தாது, இன்னொண்ணு வை, மெலிஞ்சிறாதேங்காவ. இத்தன நாளா இந்த மனுசன் எங்கடா இருந்தாவ?”

தேரடி ஸ்டாண்டிலும் பேச்சு அதுதான். பெண்டாட்டியை விட்டு ஒரு நாள் பிரிய மாட்டேன் என்கிறான் என்று மற்ற டிரைவர்கள் கேலி பேசினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லிப் புருஷன்மாரைக் குத்திக் காட்டினார்கள்.

அக்கா சொல்வதை அன்றன்றே எழுதிவைப்பது என் வழக்கம். எந்தத் தேதியில் போனாள், யார் யார் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் எல்லாம் இருக்கும். 1988 ஆனியில் ஒரு மாலை சும்மா அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். சித்திரை மாதம் மட்டும் பதினோரு நாள் அக்கா போகவில்லை. அந்தப் பதினோரு நாளும் டாக்டரம்மாவின் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்து கூடப் போயிருக்கிறாள். காரில் ஐந்து பேர் ஏற இடமிருக்கிறது. அந்தப் பெண் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று அக்காவிடம் விசாரித்தேன். “அவிய பின்னால, என் எடத்துலதான்” என்றாள்.

அடுத்த முறை விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் போனேன். டாக்டரம்மா வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் இடது பக்கம் ஏறியிருந்தார். அக்கா வலது பக்கம் பிளாஸ்கோடு உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்பவன்போலக் குனிந்து ஸ்கேலை வைத்தேன். இரண்டு பக்கமும் இம்மி வித்தியாசமில்லை.

அன்று மாலை அத்தானிடம் கேட்டேன். “அக்காவ எதுக்கு அத்தான் எப்பவும் கூட்டிட்டுப் போறீங்க?”

“பேச்சுத் துணைக்கு மாப்ளே. டாக்டரம்மாவுக்கும் பொழுது போகும்” என்றார். என் கண்ணைப் பார்த்தே சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. தளவாய்புரத்துத் தாய்மாமனிடம் மரியாதை என்று சொன்னபோதும் அவர் அதை நம்பியிருக்கலாம். நம்பிச் சொல்வதால்தான் எல்லோரும் நகர்ந்தார்கள்.

நான் அக்காவிடம் சொல்லவில்லை. நாலரை வருடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் சந்தோஷத்தைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது உள்ளுக்குள் எரியும். என்னுடன் பிறந்தவளை ஒரு மூட்டையின் இடத்தில் வைத்து ஓட்டுகிறான் ஒருவன். அவளோ அதற்கு ஜன்னல் ஓர இடம் என்று பேர் வைத்துப் பூரித்துப்போகிறாள். அவருடைய சாவைவிட இதற்காகத்தான் நான் அதிகம் துக்கப்பட்டிருக்கிறேன்.

1992 ஐப்பசியில் அத்தானுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இருபது நாள் படுக்கை. கார் வாசலில் தூசியேறி நின்றது. அந்த வருடம் ஆலையில் வந்த போனஸில் நான் புதிய கம்பி ஒரு ஜோடி வாங்கினேன். ஸ்டாண்டு டிரைவர் ஒருவரைக் காரை ஓட்டச் சொல்லி ராஜபாளையத்துக்குக் கொண்டுபோனேன். அக்காவிடம், சும்மா நின்றால் இன்ஜின் கெட்டுவிடும், சர்வீஸுக்குக் கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மெக்கானிக் கம்பிகளைப் பார்த்ததும் சிரித்தார். “அண்ணன் ஒத்துக்கிட்டாரா?”

“அவருக்குத் தெரியாது.”

“அப்பச் சரி” என்று அடியில் படுத்தார். மதியத்துக்குமேல் முடிந்தது. ஸ்கேல் வைத்தோம். இடதும் வலதும் ஒன்று. காலியாக நின்றபோதே ஒன்று. ஆறு வருடத்துக்குப் பிறகு ஒரு தவறு திருத்தப்பட்டது என்ற நிறைவோடு நான் பின்சீட்டில், இடது ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பினேன்.

கார்த்திகை முதல் ஞாயிறு அத்தான் எழுந்து வாசலுக்கு வந்தார். மெலிந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். காரைத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கேள்வி ஒன்றும் இல்லை. துணியை எடுத்து முன் மட்கார்டைத் துடைத்தார்.

“பாத்தீங்களா மாப்ளே? அன்னைக்கே சொன்னேம்லா, ஓட ஓட தானா சரியாகும்னு.”

மறுநாள் திங்கட்கிழமை நடந்ததை அக்காதான் பிறகு சொன்னாள். வாயல் புடவை கட்டி, பூ வைத்து, பிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு வாசலுக்கு வந்திருக்கிறாள். அத்தான் காரைக் கிளப்பிவிட்டு ஜன்னல் வழியாக, “இன்னைக்கு நீ வேண்டாம்” என்றாராம். அதட்டவில்லை. புதன்கிழமையும் கிளம்பி நின்றாள். “வீட்டுல வேலை கெடக்கும்லா” என்றார். வெள்ளிக்கிழமை அவள் கிளம்பவில்லை. அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் போகலாமே என்று அடுத்த ஞாயிறு நான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்ற கேள்வி இருந்தது.

“வாரத்துல மூணு நாள் தனியா பஸ் ஏறினா, எங்க போறேன்னு தெருவே கேக்கும். கார்ல போறப்ப யாரும் கேக்கல. புருசன்கூடப் போறா, அம்புட்டுத்தான்.”

தேரடியில் டாக்டரம்மாவைப் பார்த்தபோது அவரே நிறுத்திக் கேட்டார். “உங்க அக்காவுக்கு என்னப்பா? கார்ல வந்தா தலை சுத்துதாமே. உங்க அத்தான் சொன்னார். நாலு வருஷம் நல்லாத்தானே வந்தாங்க?”

“அப்படி ஒண்ணும் இல்லைம்மா. வரச் சொன்னா வருவாங்க.”

“அடடா, முன்னாலயே சொல்லியிருக்கக் கூடாதா? டோக்கனுக்கு அந்த ஊர்லயே ஒரு பெண்ணை வச்சுட்டேனே” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். பிறகு காரில் ஏறினார். நேராக நின்ற கார் நேராகவே போயிற்று.

1993 மாசியில் ஒரு ஞாயிறு. அத்தான் சவாரி போயிருந்தார். அக்கா சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் என்னிடம் சொல்ல அவளுக்குக் கதை இல்லை. நானாகத்தான் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். திடீரென்று கேட்டாள்.

“ஏலே, அந்தக் கம்பியத் திருப்பி மாத்த முடியுமா?”

“எந்தக் கம்பிக்கா?”

“நீ சர்வீஸுன்னு கொண்டுபோயி மாத்துனியே, ஓட்டிட்டுப் போன டிரைவரு சொல்லிட்டாரு. பழசத் திருப்பிப் போட முடியுமான்னு கேக்கேன்.”

“அத்தான் எதுக்கு உன்னக் கூட்டிட்டுப் போனாருன்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“டாக்டரம்மா அண்ணன் மக வந்துச்சே, அப்பவே. அந்தப் பிள்ள ஏறி உக்காந்ததும் அவிய கீழ எறங்கி, காரத் தூர நின்னு பாத்தாவ. பாத்துட்டு என்ன வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாவ. எனக்குக் கண்ணு இல்லையா?” சுளகை மடியில் வைத்தாள். “எதுக்குக் கூட்டிட்டுப் போனா என்னலே? போனேம்லா. அங்க ஊசிக்கு வாற பிள்ளைக என்ன அத்தேன்னு கூப்பிட்டிச்சில்லா. நீ ஏம்லே அதுல கை வச்சே?”

“உன்ன மூட்ட மாதிரி...”

“மூட்டையா இருந்தா எனக்குத்தானே வலிக்கணும். உனக்கு வலிச்சிருக்கு, நீ மாத்திட்டே. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“இனி முடியாதுக்கா” என்றேன். “பழைய கம்பிய இன்னேரம் கடப்பாரையா அடிச்சு வித்திருப்பாங்க.”

அக்கா உளுந்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மெக்கானிக்கக் கேட்டியா, இல்ல நீயாச் சொல்லுதியா?”

நான் கேட்டிருக்கவில்லை.